கீழிருந்து பார்த்த படமும் என் ரிலே ஃபுட்பிரிண்ட்டும்

என் வீட்டு மேல்நிலைத் தொட்டிக்காக நானே வடிவமைத்த மின்சுற்றுப் போர்டில், தண்ணீர் குறைந்ததும் ரிலே எனும் சிறு மின்காந்த சுவிட்ச் இழுத்து, மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெரிய சுவிட்சான கான்டாக்டரை இயக்க வேண்டும், தொட்டி நிரம்பியதும் ரிலே விட்டுவிட வேண்டும். போர்டு அச்சாகி வந்தது, பாகங்கள் அனைத்தும் அழகாகப் பொருந்தின, ரிலேயும் உரிய நேரத்தில் 'டிக்' என்று இழுத்தது. ஆனால் தொட்டி காலியாக இருக்கும்போது மோட்டார் நின்றது; நிரம்பி வழியும்போது ஓடியது. இரண்டு மாலைகள் நிரலைத் துருவிய பிறகுதான் தவறு நிரலில் இல்லை, நான் வரைந்த ஃபுட்பிரிண்ட்டில் இருக்கிறது என்று தெரிந்தது.

ஃபுட்பிரிண்ட் என்பது ஒரு பாகம் போர்டில் உட்காரும் இடத்தின் வரைபடம். பின்களைப் பற்றவைக்கும் செப்புப் பேடுகள், துளைகள், செப்பை மூடும் பூச்சான சோல்டர் மாஸ்க்கில் விடும் திறப்பு, மேலே அச்சாகும் வெள்ளைக் கோடுகள், பக்கத்துப் பாகம் நெருங்கக் கூடாத எல்லையான கோர்ட்யார்ட் ஆகிய அனைத்தும் அதில் அடக்கம். நான் பயன்படுத்துவது போர்டு வரையும் மென்பொருளான கீகேட். ஜான்-பியேர் ஷரா 1992இல் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருளுடன் ஃபுட்பிரிண்ட்களின் மிகப் பெரிய நூலகம் ஒன்று இலவசமாகவே வருகிறது. அதில் இருக்கும் பாகத்துக்குப் புதிதாக வரைய வேண்டியதே இல்லை. இல்லாத பாகம் கையில் கிடைக்கும்போதுதான் ஃபுட்பிரிண்ட் எடிட்டரைத் திறக்க வேண்டியிருக்கிறது.

அந்த ரிலே, கடைகளில் எங்கும் கிடைக்கும் ஐந்து கால் நீலநிறச் சிறு ரிலே. சுவிட்சின் பொதுமுனை ஒரு விளிம்பின் நடுவே இருக்கும்; அதிலிருந்து 2 மி.மீ. தள்ளி, மையக் கோட்டின் இருபுறமும் 6 மி.மீ. தொலைவில் சுருளின் இரு கால்கள், அங்கிருந்து 12.2 மி.மீ. தாண்டி மறுமுனையில், அதே 12 மி.மீ. இடைவெளியில், வழக்கமாகத் திறந்திருக்கும் முனையும் (ரிலே இழுத்தால்தான் பொதுமுனையோடு சேரும்) வழக்கமாக மூடியிருக்கும் முனையும் (ரிலே இழுக்காதபோது சேர்ந்திருக்கும்). தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டில் இருந்த துளைப் படம் ரிலேயைக் கவிழ்த்து, அடியிலிருந்து பார்த்து வரைந்தது. படத்தின் கீழே பொடி எழுத்தில் அப்படிக் குறித்தும் இருந்தது. நான் அதைப் படிக்காமல், கண்ட கோலத்தை அப்படியே போர்டின் மேற்புறத்துக்கு வரைந்துவிட்டேன். கால்கள் மையக் கோட்டின் இருபுறமும் ஒத்த தொலைவில் இருப்பதால், இடவலம் மாறிய ஃபுட்பிரிண்ட்டிலும் ரிலே ஒழுங்காகவே உட்கார்ந்தது. சுருளுக்குப் பிளஸ், மைனஸ் என்ற முனைபேதம் கிடையாது என்பதால் அதுவும் இழுத்தது. இடம் மாறியதால் கெட்டவை வழக்கமாகத் திறந்திருக்கும் முனையும் மூடியிருக்கும் முனையும் மட்டுமே, முழுச் சேதமும் அவற்றால்தான். பொருந்தாத ஃபுட்பிரிண்ட் உடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பொருந்திவிடும் தவறான ஃபுட்பிரிண்ட்தான் நம் நாட்களைத் தின்னும்.

இப்போது டேட்டாஷீட்டைத் திறந்தால் முதலில் நான் தேடுவது, படம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது என்ற குறிப்பைத்தான். அடுத்து பின் எண்கள். சுற்றுப்படத்தில் பாகத்தைக் குறிக்கும் குறியீட்டில் உள்ள எண்ணும் பேடின் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் செப்புத் தடம் சரியான காலுக்குப் போகும். டிரான்சிஸ்டர்களில் இது மிகவும் ஏமாற்றும்: தட்டையான முகம் நம்மை நோக்கி, கால்கள் கீழாக இருக்க, பிசி547 இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும், அதே உறையில் வரும் 2என்3904 எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று வரும். உறை ஒன்றுதானே என்று எண்ணி ஒன்றுக்கு வரைந்ததை மற்றதற்குப் போடக் கூடாது.

துளையின் அளவையும் காலின் தடிமனைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. 0.64 மி.மீ. சதுரப் பின்னின் மூலைவிட்டம் ஏறத்தாழ 0.9 மி.மீ.; ஆகவே துளை 1 மி.மீ. இருந்தால்தான் பின் சிரமமின்றி நுழையும், ஈயமும் உள்ளே ஏறும். மேற்பரப்பில் பற்றவைக்கும் பாகங்களில் பேட், காலின் நுனியைத் தாண்டிச் சற்று வெளியே நீள வேண்டும். எஸ்ஓஐசி எனும் எட்டுக் கால் சிப் உறையில் கால்களின் இடைவெளி 1.27 மி.மீ., எதிரெதிர் நுனிகளுக்கிடையே அதிகபட்சம் 6.2 மி.மீ.; கீகேட் நூலகத்தின் பேடுகள் ஒவ்வொரு பக்கமும் சுமார் 0.35 மி.மீ. கூடுதலாக வெளியே நீள்கின்றன. கையால் பற்றவைப்பவர் இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம், ஏனெனில் சோல்டரிங் அயர்னின் முனை தொடுவதற்கு இடம் வேண்டும்.

வரைந்து முடித்ததும், அளவு மாறாமல் ஒன்றுக்கு ஒன்றாகத் தாளில் அச்சிட்டு, தெர்மாகோலின் மேல் வைத்துப் பாகத்தைக் குத்திப் பார்ப்பது பலரும் செய்வது. நானும் அன்று அதைச் செய்தேன், ரிலே கச்சிதமாக இறங்கியது. தாள் இடைவெளியைச் சொல்லுமே தவிர, எந்தக் கால் எது என்று சொல்லாது. ஆகவே இப்போது பேடுகளின் எண்களும் தாளில் தெரியும்படி அச்சிட்டு, ரிலேயைத் தாளில் மட்டும் குத்தி, மின்சாரம் இல்லாத நிலையில் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பொதுக்காலிலும் மறுமுனையை 4 என்று அச்சாகியிருக்கும் துளை வழியே வெளிவரும் காலிலும் தொட்டுப் பார்க்கிறேன். குறியீட்டில் 4 வழக்கமாக மூடியிருக்கும் முனை என்பதால் மீட்டர் ஒலிக்க வேண்டும். ஒலித்த பிறகே கோப்புகளை அச்சுக்கு அனுப்புகிறேன்.