சென்ப்-ஏ: பிரிவுக்குப் பிரிவு பாதியாகும் புரதம்

செல் பிரியும்போது நுண்குழல்கள் ஒவ்வொரு குரோமோசோமையும் பிடித்து இழுக்கும் இடம் சென்ட்ரோமியர். மனிதக் குரோமோசோம்களில் அந்த இடத்தில் ஆல்ஃபா சாட்டிலைட் என்ற 171 எழுத்துத் துண்டு ஆயிரக்கணக்கான முறை அடுத்தடுத்து வரும். அப்படியானால் சென்ட்ரோமியர் எங்கே என்பதை டிஎன்ஏ வரிசைதானே சொல்கிறது என்று தோன்றும். 1993-இல் மெல்போர்னில் விவரிக்கப்பட்ட ஒரு 10-ஆம் குரோமோசோம் அந்த எண்ணத்தைக் கலைத்தது. அதில் ஆல்ஃபா சாட்டிலைட் இருந்த பகுதி அறுந்துபோயிருந்தது. ஆனாலும் வேறோர் இடத்தில் புதிதாக ஒரு சென்ட்ரோமியர் முளைத்து வேலை செய்துகொண்டிருந்தது. பிறகு பார்த்தபோது அங்கே சென்ப்-ஏ (CENP-A) என்ற புரதம் உட்கார்ந்திருந்தது.

இந்தப் புரதத்துக்கான மரபணு 2-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில், 2பி23.3-இல் இருக்கிறது. புரதத்தின் நீளம் 140 அமினோ அமிலம். சொல்லப்போனால், டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒன்றான எச்3-இன் பங்காளி. ஹிஸ்டோன்களும் அவற்றைச் சுற்றிய டிஎன்ஏ-வும் சேர்ந்த உருண்டையான நியூக்ளியோசோமில் எச்3 உட்காரும் இடத்தில் இது உட்காரும். வால் முற்றிலும் வேறு, உடல் ஏறக்குறைய 60 சதவீதம் ஒன்று. உடலின் நடுவில் கேட் எனப்படும் ஒரு சிறு பகுதி உண்டு. அதை மட்டும் வெட்டி எச்3-இல் ஒட்டினால் அந்த எச்3-யும் சென்ட்ரோமியருக்கே போய்ச் சேரும்.

இதை முதலில் காட்டிக்கொடுத்தது ஸ்க்லீரோடெர்மா நோயாளிகளின் ரத்த சீரம். அதிலிருந்த ஆன்டிபாடிகள் பிடித்த மூன்று புரதங்களுக்கு 1985-இல் சென்ப்-ஏ, பி, சி என்று பெயர் வைத்தார்கள். எடை முறையே சுமார் 17, 80, 140 கிலோடால்டன். பின்னர் ஏ-வைத் தனியாகப் பிரித்தெடுக்கக் காளையின் விந்தணுவைத் தேர்ந்தெடுத்தது அழகான யோசனை. விந்தணுவில் மற்ற ஹிஸ்டோன்கள் பெரும்பாலும் கழன்று போய்விடும், இது போகாது.

இனி கணக்கு. 2014-இல் வந்த அளவீட்டின்படி ஒரு சென்ட்ரோமியரில் சராசரியாக 400 சென்ப்-ஏ மூலக்கூறு. டிஎன்ஏ இரட்டிக்கும்போது இவை இரண்டு பிரதிகளுக்கும் பாதி பாதியாகப் போகும். அப்போதே புதுச்சரக்கு வந்து இடத்தை நிரப்பாது. மற்ற ஹிஸ்டோன்களிலிருந்து இது விலகி நிற்கும் இடம் இதுதான். செல் பிரிந்து முடிந்து, அடுத்த டிஎன்ஏ இரட்டிப்புக்கு முந்தைய ஜி1 கட்டம் தொடங்கிய பிறகே எச்ஜர்ப் என்ற துணைப்புரதம் புதிய சென்ப்-ஏ-வைக் கொண்டுவந்து வைக்கும். எங்கே வைப்பது என்று வழிகாட்டுவது மிஸ்18 என்ற புரதக் கூட்டம். பிரிவு முடியும்வரை இந்த வேலைக்கு சிடிகே1 என்ற நொதி பூட்டுப் போட்டு வைத்திருக்கும்.

சோதனைகளில் நடக்கும் தவறுகளில் பாதி இந்தக் கணக்கை மறப்பதால் வருபவை. சென்ப்-ஏ மரபணுவின் செய்தியை அழிக்கும் எஸ்ஐ-ஆர்என்ஏ (சிறு ஆர்என்ஏ துண்டு) போட்டு 24 மணி நேரத்தில் செல்லைப் பார்த்து "ஒன்றும் ஆகவில்லையே" என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. எஸ்ஐ-ஆர்என்ஏ தடுப்பது புதிய உற்பத்தியை மட்டுமே. ஏற்கெனவே குரோமோசோமில் பதிந்தது அசையாது. ஒரு பிரிவுக்கு 400 என்பது 200 ஆகும், பிறகு 100, பிறகு 50. எனவே நாளொன்றுக்கு ஒருமுறை பிரியும் செல் என்றால் குறைந்தது 72 மணி நேரமாவது விட வேண்டும். அப்போதும் எட்டில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும். உடனடியாக நீக்க வேண்டுமென்றால் ஆக்சின் என்ற தாவர ஹார்மோன் கொடுத்ததும் புரதம் சிதையும்படி மரபணுவில் டெக்ரான் என்ற சிதைவுக் குறியைச் சேர்த்த செல் நல்ல வழி.

நுண்குழல்களைக் குலைக்கும் கோல்செமிட் அல்லது நோகோடசோல் மருந்தைக் கொடுத்துப் பிரிவிலேயே நிறுத்திய செல்களில் புதிய சென்ப்-ஏ பதிவதைத் தேடுவதும் வீண். சாயத்தைப் பிடிக்கும் ஸ்நாப் டேக் என்ற துண்டைச் சென்ப்-ஏ-வோடு இணைத்துப் பழையதை மறைத்து, புதியதை மட்டும் ஒளிரச் செய்தால் சென்ட்ரோமியர்களில் புள்ளிகள் தெரிவது இளம் ஜி1 செல்களில் மட்டும். அவற்றை அடையாளம் காண நுண்குழல்களின் புரதமான டியூபுலினையும் சேர்த்துச் சாயமிடுங்கள். இரண்டு மகள் செல்களுக்கு இடையே மெல்லிய பாலம் இன்னும் அறாமல் இருக்கும்.

ஆன்டிபாடியால் சாயமிடுவதில், செல்லை அப்படியே உறையவைத்து நிலைப்படுத்தும் முறைதான் எல்லாமே. -20 டிகிரி மெத்தனாலில் 5 முதல் 10 நிமிடம் வைத்தால் பெரும்பாலும் நன்றாக வரும். 4 சதவீத ஃபார்மால்டிஹைடில் நீண்ட நேரம் விட்டால் ஆன்டிபாடி உள்ளே நுழைய இடமில்லாமல் புள்ளிகள் மங்கும். ஃபார்மால்டிஹைட்தான் வேண்டுமென்றால் முன்னதாக 0.1 சதவீத ட்ரைட்டனில் ஒரு நிமிடம் அலசி, மிதந்துகொண்டிருக்கும் புரதத்தை வெளியேற்றிவிட்டு, 10 நிமிடத்தோடு நிறுத்துங்கள்.

நோயாளி சீரத்தை வைத்துச் சென்ப்-ஏ குறைந்ததா என்று அளக்கவே கூடாது. அந்த சீரம் பி-யையும் சி-யையும் சேர்த்தே பிடிக்கும். ஏ போன பிறகும் ஆல்ஃபா சாட்டிலைட்டில் உள்ள, பெட்டி எனப்படும் 17 எழுத்து வரிசையைப் பிடித்துக்கொண்டு பி அங்கேயே இருக்கும், புள்ளி பளிச்சென்று தெரியும். ஒய் குரோமோசோமில் மட்டும் அந்தப் பெட்டி கிடையாது.

புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டையே வரவில்லை என்று புலம்புவோருக்கு: செல்லை உடைக்கும் சாதாரண லைசிஸ் பஃபரில் கரைந்த மேல்நீரை மட்டும் ஜெல்லில் ஏற்றினால் வராது. புரதம் குரோமாட்டினோடு (டிஎன்ஏ-வும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த தொகுதி) அடிவண்டலில் போய்விட்டது. செல்லை நேராக எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருள் கலந்த பஃபரில் கொதிக்கவைத்து, சோனிகேட் செய்து (ஒலியலையால் உடைத்து), 15 சதவீத ஜெல்லில் ஓட்டுங்கள். சவ்வு 0.2 மைக்ரான் துளையுள்ளதாக இருக்கட்டும். 0.45-இல் இவ்வளவு சிறிய புரதம் ஊடுருவி மறுபக்கம் போய்விடலாம்.

சிஎம்வி போன்ற வலுவான புரொமோட்டரில் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) சென்ப்-ஏ-வை அதிகமாக உற்பத்தி செய்யவைத்தால் அது குரோமோசோமின் கைகளிலும் படியும். அங்கே அதைக் கொண்டுபோய் வைப்பது டாக்ஸ் என்ற வேறொரு துணைப்புரதம். டேக்கைச் செல்லின் சொந்த மரபணுவிலேயே சேர்ப்பதே என் பரிந்துரை. சென்ப்-சி பற்றுவது சென்ப்-ஏ-வின் கடைசி ஆறு அமினோ அமிலங்களை. ஆகவே டேக்கைக் கடைசியில் ஒட்டியிருந்தால் சென்ப்-சி புள்ளிகளின் பிரகாசம் குறையவில்லையா என்று முதலில் சரிபாருங்கள்.

புள்ளிகளை எண்ணும்போது 46 வரவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்லில் குரோமோசோமே 70-80 இருக்கும். பிரியாத நிலையில் புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்று விழுவதும் உண்டு. 0.2 மைக்ரான் இடைவெளியில் அடுக்கடுக்காகப் படமெடுத்து, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் உள்ள வளையத்தின் ஒளியைக் கழித்த பிறகு அளவிடுங்கள்.