போகும் வழியில் ஒன்று, திரும்பும் வழியில் ஒன்று

எங்கள் ஊரான சாய்ந்தமருதில் 1978ஆம் ஆண்டு என்று சொன்னால் கேட்பவரின் மனம் நேராக நவம்பர் 23ஆம் திகதி இரவுக்குத்தான் போகும். மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக் கரைவரை தென்னைகளை வேரோடு சாய்த்து, தொள்ளாயிரம் பேரளவில் உயிர்ப்பலி கொண்ட சூறாவளியின் இரவு அது. அதற்குச் சரியாக எட்டு நாட்களுக்கு முன்னர், 15ஆம் திகதி இரவு பதினொன்றரை மணியளவில், கட்டுநாயக்க ஓடுபாதையைத் தொட ஒரு மைல் தூரமே இருந்த நிலையில், ஹாஜிமாரை ஏற்றி வந்த விமானம் ஒரு தென்னந்தோட்டத்தில் விழுந்து 183 பேர் இறந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து அவ்வருடம் ஹஜ்ஜுக்குப் போன ஒருவர் அப்போது திரும்பியிருக்கவில்லை. அவருடைய வீட்டார் இரண்டு நாட்கள் வானொலிப் பெட்டியைவிட்டு நகரவில்லை என்று உம்மா சொல்வார். அத்தனை பெரிய செய்தியை ஊர் எப்படி மறந்தது என்று வாப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "கூரை பறந்து போன வீட்டுக்குள்ள இருந்துகொண்டு ஆரு மகன் விமானத்தைப் பத்திக் கதைக்கிற?" என்றார்.

அது ஐஸ்லாந்து நிறுவனமான லொஃப்ட்லைதிருக்குச் சொந்தமான டிசி-8 விமானம். பயணிகள் இந்தோனேசியர்கள்; ஹஜ் கடமையை முடித்து ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். எரிபொருள் நிரப்பவும் பணியாளர் மாறவும் இடையில் இலங்கையில் இறங்க வேண்டியிருந்தது. விமானத்தில் இருந்த 262 பேரில் 79 பேர் பிழைத்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இதே சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட யாத்திரிகர் 182 பேரும் பணியாளர் 9 பேரும் மஸ்கெலியாவுக்கு அருகில் ஒரு மலையில் மோதி, ஒருவர்கூட எஞ்சாமல் இறந்தார்கள். அதுவும் டிசி-8 தான். ஒல்லாந்து நாட்டு மார்ட்டின்எயார் நிறுவனத்துடையது. ஒரு விமானம் போகும் வழியில், மற்றது திரும்பும் வழியில். இந்த நாட்டில் நிகழ்ந்த மிகப் பெரிய இரண்டு விமான விபத்துகளும் இவையே. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் நாட்டவர் அல்லர் என்பதனாலோ என்னவோ, நம் எழுத்துகளில் இவற்றுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது.

மஸ்கெலியா விபத்தில் என்னை நெடுநாளாக உறுத்துவது, அந்த விமானத்தில் எதுவும் உடைந்திருக்கவில்லை என்பதே. இயந்திரம் நிற்கவில்லை, இறக்கை முறியவில்லை, தீப்பிடிக்கவில்லை. தரையிறங்கத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு நல்ல விமானம், சிங்களத்தில் சப்தகன்யா என்று வழங்கும் ஏழு கன்னியர் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,300 அடி உயரத்தில் மோதியது. அவ்விடத்திலிருந்து கட்டுநாயக்க ஏறக்குறைய நாற்பது கடல் மைல் தொலைவில் இருக்கிறது. பாடசாலை அட்லஸில் சுரபாயாவுக்கும் கட்டுநாயக்கவுக்கும் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். கோடு பாணமைக்குத் தெற்கே, யால காட்டின் பக்கமாகத் தீவுக்குள் நுழைந்து, மத்திய மலைநாட்டின் தெற்குப் பகுதியைக் கடந்து மேற்குக் கரைக்குப் போகிறது. நம் கரையை ஒட்டி உள்ளே வந்த அந்த விமானத்துக்கும் ஓடுபாதைக்கும் நடுவே மலைநாடு முழுவதும் இருந்தது. விமானிகளோ மலைகளைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்திருந்தார்கள். முதலில் 5,000 அடிக்கும், பின்னர் 2,000 அடிக்கும் இறங்க அவர்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. நீர்கொழும்புக் கரையின் மேல் 2,000 அடி என்பது தாராளமான உயரம். மஸ்கெலியாவின் மேல் அதே 2,000 அடி, மலையின் வயிற்றுக்குள் இருக்கிறது.

விமானம் எங்கே இருக்கிறது என்பதைத் தவறாகக் கொண்டதால், பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கலாம் என்று பணியாளர் முடிவு செய்தார்கள் என்பதே விசாரணையின் முடிவு. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை றேடாரையும் நம்பியிருந்தமை பிழையான விளக்கத்துக்கு இடம் கொடுத்தது என்றும் அது கூறியது. டொப்ளர் கருவி கீழ்நோக்கி வானொலி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து விமானத்தின் வேகத்தையும், காற்று அதை எவ்வளவு பக்கவாட்டில் ஒதுக்குகிறது என்பதையும் கணிப்பது. புறப்பட்ட இடத்திலிருந்து ஒவ்வொரு கணத்தின் நகர்வையும் கூட்டிக்கொண்டே வந்தால் இப்போதிருக்கும் இடம் கிடைக்கும். ஆனால் கூட்டல் கணக்கில் தொடக்கத்தில் நுழைந்த சிறு பிழை கடைசி வரியிலும் இருக்கும். கூடவே வளர்ந்தும் இருக்கும். அமைதியான கடல் எதிரொலியைச் சரியாகத் திருப்பித் தராது. சுரபாயாவிலிருந்து வருபவருக்கு வழியில் பெரும்பகுதியும் கடல்தான். அப்படி வந்து சேர்ந்த இருட்டில், வானிலை றேடாரின் திரையில் தெரியும் மங்கலான கரையையும் மேட்டையும் பார்த்து இது இன்ன இடம் என்று சொல்வது, கருவியின் வேலையை விட மனித மனத்தின் வேலையாகவே இருக்கிறது.

இந்த இடத்தில் வாப்பாவின் கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அவர் இளமையில் தோணியில் தொழிலுக்குப் போனவர். இரவில் கரை திரும்பும்போது வெளிச்சங்களைப் பார்த்தே ஊரை அடையாளம் காண்பார்கள். ஒருநாள் காரைதீவு வெளிச்சத்தை எங்கள் ஊர் வெளிச்சம் என்று கொண்டுவிட்டாராம். கரையை நெருங்க நெருங்க, இருக்க வேண்டிய பள்ளிவாசல் விளக்கைக் காணவில்லை. அதற்கு அவர் தம் மனத்துக்குள் சொல்லிக்கொண்ட காரணம், இன்றைக்கு மின்சாரம் இல்லைப் போலும் என்பது. இறங்கிய பிறகே தெரிந்தது. ஓர் இடத்தை மனம் முடிவுகட்டிவிட்டால், அதற்குப் பொருந்தாத அடையாளங்களுக்கெல்லாம் அதுவே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறது. தோணிக்கு மணற்கரை இருந்தது. அந்த விமானத்துக்கு மலை இருந்தது.

1966 ஜனவரி 24ஆம் திகதி ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங் சிகரத்தருகே மோதிய ஏர் இந்தியா போயிங் 707 விமானத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. இந்திய அணு விஞ்ஞானி ஹோமி பாபா உட்பட 117 பேர் அதில் இறந்ததால், இன்றுவரை சதி என்றும் ஏவுகணை என்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இடத்தைக் காட்டும் வழிகாட்டிக் கருவிகளில் ஒன்று பழுதாயிருந்த விமானம் அது. சிகரத்தைக் கடந்துவிட்டோம் என்று விமானி எண்ணினார். இன்னும் ஐந்து மைல் இருக்கிறது என்ற பொருளில் ஜெனீவாக் கட்டுப்பாட்டாளர் திருத்தியதை, கடந்து வந்த ஐந்து மைல் என்று விளங்கிக்கொண்டிருக்கலாம் என்பதே விசாரணையாளரின் கணிப்பு. சதியைத் தேடுவோருக்கு இவ்வளவு சிறிய காரணம் போதாமல் இருப்பதில் வியப்பில்லை.

மஸ்கெலியா விபத்துக்கு மூன்றே நாட்களுக்கு முன்னர், 1974 டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவில் வாஷிங்டன் டலஸ் விமானநிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514ஆம் இலக்க விமானம் வர்ஜீனியாவில் மவுண்ட் வெதர் என்ற மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அங்கே பிழையாகிப்போனது ஒரு சொல்லின் பொருள். "அணுகலுக்கு அனுமதி", அதாவது ஓடுபாதையை நோக்கி இறங்கி வரலாம், என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதை, 1,800 அடிக்கு இப்போதே இறங்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். வழியிலுள்ள மலையைக் கடக்கும்வரை அவர்களே உயரத்தைக் காப்பார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். இருவருக்கும் தத்தம் விளக்கத்தில் ஐயமே இருக்கவில்லை. இதைவிட வேதனையான ஒரு செய்தி பின்னர் வெளிவந்தது. ஆறு வாரங்களுக்கு முன்னரே, வேறொரு நிறுவனமான யுனைட்டெட்டின் விமானம் ஒன்று அதே மலையில் அதே பிழையால் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் அதைத் தம் நிறுவனத்துக்கு அறிவித்தார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. அந்த எச்சரிக்கை நிறுவனத்தின் வாசலைத் தாண்டவில்லை. இதற்குப் பிறகுதான், விமானிகள் தாம் செய்த பிழையைத் தண்டனைக்கு அஞ்சாமல் எழுதியனுப்பும் ஏற்பாட்டை, மேற்பார்வை அதிகாரம் இல்லாத நாசாவின் பொறுப்பில் 1976இல் அமெரிக்கா தொடங்கியது. எத்தனையோ புதுக் கருவிகளைவிட இந்த ஏற்பாடே பெரிய கண்டுபிடிப்பு என்பது என் எண்ணம்.

இனி 1978க்குத் திரும்புவோம். அணுகலுக்கு வகுக்கப்பட்ட நடைமுறையைப் பணியாளர் பின்பற்றவில்லை, உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் அறிய இருந்த கருவிகளை முழுமையாகப் பயன்படுத்தவில்லை, குறித்த உயரங்களில் துணை விமானி குரல் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை என்று இலங்கை விசாரணை முடிவு செய்தது. ஐஸ்லாந்துத் தரப்போ, ஓடுபாதைக்கு வழிகாட்டும் தரைக் கருவியில் இருந்த குறைபாட்டைச் சுட்டிக்காட்டியது. விமானத்தை அனுப்பிய நாடு விமானநிலையத்தைக் குற்றம் சொல்வதும், விமானநிலையத்தின் நாடு விமானியைக் குற்றம் சொல்வதும் உலகெங்கும் காண்கிற காட்சிதான். எந்தப் பக்கம் எத்தனை பங்கு என்று இங்கிருந்து நிறுத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் "விமானியின் தவறு" என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்கும் அறிக்கைகளின் மேல் எனக்கு எப்போதும் ஐயம் உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு வயிற்றில் படுப்பது அடிக்கடி நடந்தது. அதுவும் விமானியின் தவறு என்றே பதிவானது. அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான விசையும் இறக்கை மடிப்புக்கான விசையும் ஒரே உருவில், அருகருகே இருந்தன. ஒன்றின் முனையில் சிறு இறப்பர் சக்கரமும் மற்றதன் முனையில் ஆப்பு வடிவும் பொருத்தியதும், களைத்த கைகளுக்கும் வித்தியாசம் தெரிந்தது. இன்றைய விமானங்களிலும் சக்கர நெம்புகோலின் தலை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

இராணுவ விபத்துகளில் இன்னொரு சிக்கல், குற்றம் சாட்டுகிறவரும் தீர்ப்புச் சொல்கிறவரும் ஒரே சீருடை அணிந்திருப்பது. 1994 ஜூன் 2ஆம் திகதி, வட அயர்லாந்தின் உளவுத்துறை வல்லுநர்களை ஏற்றிச்சென்ற பிரித்தானிய விமானப்படையின் சினூக் ஹெலிகொப்டர் ஸ்கொட்லாந்தின் முல் ஒஃப் கின்டையர் குன்றில் பனிமூட்டத்தினுள் மோதி 29 பேரும் இறந்தார்கள். அதில் ஒலிப்பதிவுக் கருவியோ பறப்புப் பதிவுக் கருவியோ இருக்கவில்லை. சிறிதளவு ஐயமும் இல்லாதபோது மட்டுமே இறந்த விமானிகள்மீது கவனயீனத்தைச் சுமத்தலாம் என்று அப்படையின் விதியே சொல்லியும், 1995இல் இரண்டு உயரதிகாரிகள் விமானிகள் இருவரையும் பாரிய கவனயீனத்துக்குக் குற்றவாளிகள் என்றார்கள். அந்தத் தீர்ப்பை நீக்குவதற்கு 2011ஆம் ஆண்டுவரை குடும்பங்கள் போராட வேண்டியிருந்தது.

வாப்பாவுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, மலை வருவதைச் சொல்ல ஒரு மெஷின் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது. மவுண்ட் வெதர் விபத்துக்குப் பிறகுதான் பெரிய பயணிகள் விமானங்களில் தரை அண்மை எச்சரிக்கைக் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. பொறியியலாளர் டொன் பேட்மன் உருவாக்கியது அது. ஆனால் அக்கருவி நேர் கீழேயுள்ள தரையை மட்டுமே அளந்தது. முன்னால் செங்குத்தாக எழும் மலையை அறிய அதற்கு மிகக் குறைந்த நேரமே கிடைத்தது. தொண்ணூறுகளில் உலகின் நிலமேடுகளையெல்லாம் எண்களாக்கி விமானத்தின் நினைவகத்தில் ஏற்றிய பின்னரே, கருவி முன்னோக்கிப் பார்க்கத் தொடங்கியது. இப்போது கிழக்கிலிருந்து யால காட்டின் மேலாக உயரம் குறைந்து வரும் விமானத்தின் திரையில் ஏழு கன்னியர் மலை முதலில் மஞ்சளாகத் தெரியும். இன்னும் இறங்கினால் சிவப்பாகும். பிறகு ஒரு குரல் மேலே எழுப்பச் சொல்லும். "அது 74இல இருந்திச்சா மகன்?" என்றார் வாப்பா. இல்லை என்றேன்.