ஆப்பிள் மரத்துக்கு ஒரு காவல் மரபணு

ஆப்பிள் மரத்தின் இலையிலும் பழத்திலும் கருஞ்சொறியை உண்டாக்குவது 'வென்டூரியா' என்ற பூஞ்சை. அதற்காக ஒரே பருவத்தில் திரும்பத் திரும்ப மருந்து தெளிக்கிறார்கள். அந்த நஞ்சு மண்ணுக்கும் போகிறது என்பதுதான் என் பெரிய கவலை.

'மாலஸ் ஃப்ளோரிபண்டா' என்ற காட்டு ஆப்பிளில் இதற்கு விடை ஏற்கெனவே இருந்தது. அதன் செல் சவ்வில் ஓர் ஏற்பிப் புரதம் காவலாளியாக நிற்கிறது. பூஞ்சையை உணர்ந்ததும் செல்லின் தற்காப்பை எழுப்பிவிடுகிறது. இந்தக் காட்டு ஆப்பிளை வைத்து 1910களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் தொடங்கிய இனக்கலப்பிலிருந்து, நோயை எதிர்க்கும் 'ப்ரைமா' ரகம் வெளியானது 1970இல்தான்! காட்டு மரத்தின் சிறு பழமும் சேர்ந்தே வரும் என்பதால், தலைமுறை தலைமுறையாகக் கலந்து அதைக் களைய வேண்டியிருந்தது. 2004இல் வெளிவந்த ஆய்வோ, அந்த ஏற்பியை உருவாக்கும் ஒரு மரபணுவை மட்டும் 'காலா' ரகத்தில் செலுத்தி எதிர்ப்புத்திறன் வருவதைக் காட்டியது. ஆப்பிளின் மரபணு ஆப்பிளுக்கே போகிறது. மரபணு மாற்றம் என்று சொல்லி இதை ஏன் அஞ்ச வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

நான் அஞ்சுவது வேறொன்றை. மரம் பல பத்தாண்டுகள் அதே மரபணுக்களோடு நிற்கிறது. பூஞ்சையோ ஆண்டுதோறும் பாலினப்பெருக்கம் செய்து புதிய கலவைகளை உருவாக்குகிறது. இந்த ஏற்பியை ஏமாற்றும் பூஞ்சை வகைகள் ஐரோப்பாவில் முன்பே தோன்றிவிட்டன. ஆகவே ஒரே மரபணுவை நம்பித் தோப்பு முழுவதும் நடுவதை நான் ஏற்கமாட்டேன். வெவ்வேறு ஏற்பிகளை அடுக்கி ஒரே மரத்தில் வைத்தால், பூஞ்சை அத்தனையையும் ஒருசேர ஏமாற்ற வேண்டியிருக்கும். ஆய்வுப் பணம் அந்தப் பக்கம் போகட்டும்.