மடுவத்துத் தராசு

இன்று மாலை, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அம்மாவின் கொழுந்துச் சாக்கைத் தொங்கவிட்டபோது, விற்றராசின் முள் சற்று நேரம் நடுங்கி 18 கிலோவில் நின்றது.

தராசு உணர்ந்தது பூமி இழுக்கும் விசையை, அதாவது ஏறத்தாழ 176 நியூட்டன் நிறையை. 18 கிலோ என்பது கொழுந்தின் திணிவு, அதாவது அதிலுள்ள பொருளின் அளவு.

சந்திரனில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பதால், ஒரு கொழுந்தும் குறையாமலே இதே முள் 3 கிலோவில் நின்றுவிடும்.

"ஈரத்துக்கென்று கிலோவில் கழிக்கிறது போதாதா?" என்றார் அம்மா.

விண்வெளி நிலையத்திலோ, ஈர்ப்பு பெருமளவு இருந்தும், சாக்கும் தராசும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் முள் பூச்சியத்தைவிட்டு அசையாது.

1973இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தின் வீரர்கள் வில் பூட்டிய இருக்கையில் அமர்ந்து, அது ஆடும் நேரத்தைக் கொண்டே தம் திணிவை அளந்தார்கள். திணிவு கூடினால் ஆட்டம் மெதுவாகும்.

கணக்கப்பிள்ளை எப்போது அடங்குமெனப் பொறுமையிழந்து பார்த்திருந்த அந்த நடுக்கம்தான் அங்கே அளவு.