மன்னர் மேசையில் விட்டுச்சென்ற கடிதங்கள்

உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்திடம் தோற்றுக் கைதியாயிருந்த இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னர் 1647 நவம்பர் 11 அன்று ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைச் சிறையிலிருந்து தப்புவதற்குக் கைகொடுத்தது அவருடைய கடிதம் எழுதும் வழக்கமே. திங்கள், வியாழக் கிழமைகளில் அவர் படுக்கையறையில் தனித்திருந்து வெளிநாட்டு அஞ்சலுக்கான கடிதங்களை எழுதுவார். அன்று வியாழன் என்பதால், காவல் பொறுப்பிலிருந்த கர்னல் எட்வர்ட் வாலி சந்தேகமின்றி வெளியறையில் காத்திருந்தார். நேரம் கடந்ததும் சாவித்துளை வழியே பலமுறை பார்த்தார், யாரும் தென்படவில்லை. கடைசியில் பின்படிக்கட்டுப் பக்கமாகச் சுற்றிச் சென்றபோது, மன்னரின் மேலங்கி தரையில் கிடந்தது. அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் மட்டும் எஞ்சியிருந்தன.

அவற்றுள் நாடாளுமன்றத்துக்கு எழுதியது, நாடே படிக்கும் என்று தெரிந்து எழுதப்பட்டது. தம் உயிருக்கு ஆபத்து இருப்பதாலேயே ஒதுங்குவதாகவும், சுதந்திரத்தோடும் மதிப்போடும் பாதுகாப்போடும் தம் சொல் கேட்கப்படுமானால் உடனே வெளிவந்து நாட்டின் தந்தையாக நிற்பதாகவும் அதில் கூறினார். அச்சின் வலிமையை அவர் பட்டறிந்தவர். 1645இல் நேஸ்பி போர்க்களத்தில் சிக்கிய அவருடைய கடிதங்களை நாடாளுமன்றம் அச்சிட்டுப் பரப்பியபோது, ஐரிஷ் கத்தோலிக்கரிடமும் அயல்நாட்டாரிடமும் அவர் படை உதவி தேடியது ஊரறிய அம்பலமாயிற்று.

ஆயினும் நான் நம்புவது வாலிக்கு அவர் எழுதிய கடிதத்தைத்தான். நன்றி கூறி, எந்தெந்த ஓவியத்தை யார் யாரிடம் சேர்க்க வேண்டும் என்று குறித்துவிட்டு, தம் கறுப்பு வேட்டைநாயை ரிச்மண்ட் கோமகனுக்கு அனுப்பச் சொல்ல மறக்கப் பார்த்தேன் என்று பின்குறிப்பாகச் சேர்க்கும் மனிதரிடம் நடிப்பு குறைவு. நாடாளுமன்றத்துக்கான கடிதத்தைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. ஏனெனில் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில், வைட் தீவின் காரிஸ்புரூக் கோட்டையில் மீண்டும் கைதியாக இருந்தபடியே, டிசம்பர் 26 அன்று ஸ்காட்லாந்துத் தூதர்களுடன் ரகசிய உடன்படிக்கை செய்து, அவர்களுடைய படையை இங்கிலாந்துக்குள் வரவழைக்க வழிசெய்தார். நாடாளுமன்றம் அனுப்பிய நிபந்தனைகளையும் மறுத்தார். 1648 ஜனவரியில் இரு அவைகளும் இனி மன்னருக்கு எதையும் எழுதுவதில்லை, அவரிடமிருந்து எந்தக் கடிதத்தையும் பெறுவதில்லை என்று தீர்மானித்தன.