வடக்கன்குளத்தில் தமிழ் படித்த யாழ்ப்பாணத்தார்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வளசரவாக்கத்தில் வீடு தேடியபோது, நான் வாயைத் திறந்ததுமே "கேரளாவா?" என்பார்கள். சிலோன் என்றதும் வாடகைப் பேச்சு அத்தோடு நின்றுவிடும். கடைசியில் ஒரு வீடு கிடைத்தது, போலீஸ் பதிவும் முடிந்தது. ஆனால் கடையிலும் பஸ்ஸிலும் என் பேச்சை அடக்கி, இந்த ஊர்ப் பேச்சைப் பழகிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் கத்தோலிக்கப் பாதிரியாரும் தமிழறிஞருமான தனிநாயகம் அடிகளைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். எங்கள் ஊர்காவற்றுறைப் பக்கம் 1913இல் பிறந்தவர். தமிழைக் காப்பாற்றி வைத்திருப்பது நாங்கள்தான் என்று எங்கள் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். அடிகளாரின் வாழ்க்கை வேறு மாதிரி. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலத்தில் படித்து, ரோமில் 1938இல் குருப்பட்டம் பெற்று, ஐரோப்பிய மொழிகள் பலவற்றோடு திரும்பியவர் அவர். தமிழ் இலக்கியத்தை முறையாகப் படித்தது இங்கே, நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில். பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, தான் ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்டார். அப்புறம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மறுபடி மாணவராகச் சேர்ந்து, சங்கப் பாடல்களில் இயற்கை பற்றி ஆராய்ந்தார். பாதிரியார் அங்கி அணிந்த ஒருவர், முப்பது வயதுக்கு மேல், இளவட்டங்களோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

தான் படித்ததை உலகத்துக்கும் சொல்ல நினைத்தார். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1964இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில். இரண்டாவது, 1968இல், இதே சென்னையில்.

மெரினாவில் பிள்ளைகளோடு நடக்கும்போது அந்த மாநாட்டையொட்டி வைத்த சிலைகளைக் காட்டுவேன். வீரமாமுனிவர் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நிற்போம். இத்தாலியிலிருந்து வந்து, இந்த மண்ணில் தமிழ் கற்று, தேம்பாவணி பாடிய பாதிரியார். அவருக்கே இங்கே இடம் இருக்கிறது என்றால் என் பிள்ளைகளுக்கு இல்லையா? தமிழுக்குள் வந்து சேர்ந்தவர் யாரும் இங்கே வெளியாள் இல்லை. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

1974இல் யாழ்ப்பாணத்தில் நான்காம் மாநாடு உயிர்ப்பலியோடு முடிந்ததைப் பிள்ளைகளுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. அடிகளார் 1980இல் காலமானார் என்பது வரை தெரியும். மகள் 'வடக்கன்குளம் எங்கே இருக்கிறது' என்று வரைபடத்தில் தேடி வைத்திருக்கிறாள். வரும் பள்ளி விடுமுறைக்கு அங்கே போவதாக இருக்கிறோம்.