சாக்கு சாரும் எங்கம்மாவோட கவரும்

வருஷா வருஷம் நம்ம ஸ்கூல் மலர்ல மேத்ஸ் சார் பத்தி நாலு பேர் எழுதுவாங்க, எச்.எம். பிரம்பு பத்தி ரெண்டு பேர் எழுதுவாங்க, என்.எஸ்.எஸ். (அதான் நாட்டு நலப்பணித் திட்டம்) பத்தி ஒருத்தனும் எழுதினதில்ல. அத நடத்தின நம்ம சாக்கு சார் செத்துப் போயிட்டார்னு குரூப்ல வந்த அன்னைக்கு மட்டும் அழுகிற பொம்மையா போட்டுத் தள்ளினீங்க. அதான் நான் எழுதறேன், வெட்டாம போடுங்கப்பா.

ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் வேலை பாத்தாத்தான் சர்டிபிகேட். பல ஸ்கூல்ல நோட்லயே மணி ஓடும். நம்மாளு வாட்ச் பாத்து எழுதுவாரு, மழைக்கு ஒதுங்கி நின்னா அந்த அரை மணியும் கழிஞ்சிரும். பார்த்தீனியம் புடுங்கி கை அரிச்சது, கேம்ப் உப்புமா, லோயர் கேம்ப் குளிரு எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்க.

நான் சொல்ல வந்தது 2000 சித்ரா பௌர்ணமி. கண்ணகி கோயிலுக்கு வருஷத்துல அந்த ஒரு நாள்தான விடுவாங்க, காசு இருக்கிறவங்க குமுளில ஜீப் ஏறுவாங்க, நம்ம சனம் பளியங்குடில இருந்து 6 கிலோமீட்டருக்கு மேல மலை ஏறும். மேல கேரளா பக்கத்து பெரியார் புலிகள் காப்பகம், பிளாஸ்டிக் ஆகாது. "கேரளாக்காரன் நம்ம பையத் துழாவுறதுக்கு முன்னாடி நாமளே துழாவிருவோம்டா"ன்னாரு சார். கோயில் யாருதுன்னு ரெண்டு ஸ்டேட்டும் அடிச்சுக்கட்டும், குப்பை தமிழ்நாட்டோடதுன்னு ஒருத்தன் சொல்லிரக் கூடாது, அதுல அவருக்கு அப்படி ஒரு ரோஷம்.

முந்தின நாளே காட்டு ஓரமா கூட்டிட்டுப் போய் காஞ்ச யானை லத்தி ஒண்ண குச்சியால உடைச்சுக் காட்டினாரு. உள்ள பூரா நாரு, நடுவுல ஒரு மிக்சர் பாக்கெட், திருகிப் போயி கெடக்கு ஆனா மேல அச்சடிச்ச எழுத்து கூட அழியல. "உப்பு வாசத்துக்குத் தின்னுருதுடா"ன்னாரு, அவ்ளோதான், லெக்சர் எல்லாம் கிடையாது.

மறுநாள் விடிய முன்னாடியே கூட்டம். நான் சாக்கும் கையுமா நிக்கிறேன், எதிர்ல எங்கம்மா வருது. கையில கம்பம் ஜவுளிக்கடை கவர், பளபளன்னு. வீட்ல அத்தனை மஞ்சப்பை கெடந்தும், மகன் கூட்டாளிக எல்லாம் நிப்பாங்களேன்னு அந்தக் கவர பெட்டிக்குள்ள இருந்து எடுத்துட்டு வந்துருக்கு. நான் பக்கத்துல நின்னவன பாத்து நீ போடான்னு கண்ணக் காட்டினேன். சார் பாத்துட்டாரு.

"நீயே செக் பண்ணு."

"சார், எங்கம்மா சார்."

"தெரியும்டா, அதான் உன்னைச் சொல்றேன்."

உள்ள கருப்புக் கவர்ல எலுமிச்சை சோறு. இந்த மாதிரி மறுசுழற்சி கவர்ல திங்கிற பொருள் வைக்கக் கூடாதுன்னு 1999லயே சட்டம் வந்துருச்சுன்னு சார் அந்தக் கூட்டத்துல நின்னு விளக்குறாரு, பின்னாடி வரிசை நீளுது, என் செட் பசங்க சிரிக்கிறானுங்க, நான் எங்கம்மா மூஞ்சியப் பாக்காம சோத்த மந்தார இலையில கொட்டிக் கட்டுறேன், கொஞ்சம் மண்ணுல சிந்திருச்சு. அம்மா அந்த ஜவுளிக்கடை கவர நாலா மடிச்சு என் சாக்குல அதுவே போட்டுச்சு. "பிள்ளைய நல்லா பழக்கிருக்கீக சார்"னுட்டு ஏறிப் போயிருச்சு. திட்டுச்சா பாராட்டுச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல, சாருக்கும் தெரிஞ்சிருக்காது. நாலஞ்சு நாள் அவரு முகத்துல முழிக்கவே புடிக்கல.

இப்ப நான் ஷார்ஜால பாக்கிற வேலை உங்கள்ல பாதி பேருக்குத் தெரியும். பாலிதீன் ரோல், கேரி பேக், சப்ளை. லீவுல போனப்ப சார் கேட்டாரு, மென்னு முழுங்கிச் சொன்னேன். அவரு கோவப்படுவாருன்னு பாத்தா, "எத்தனை மைக்ரான்?"னாரு, கவரோட தடிமன அதுலதான் அளப்பாங்க. அதுக்கு ஏசியிருக்கலாம்.

2024 ஜனவரி 1ல இருந்து இங்கயே ஒருதடவை யூஸ் பண்ற கேரி பேக்குக்குத் தடை வந்துருச்சு. துபாய்ல 57 மைக்ரானுக்குக் கீழ இருந்தா தடைன்னு கணக்கு வச்சாங்க, உடனே தடிமனா ஓட்ட ஆரம்பிச்சாங்க எங்க லைன்ல. சார்ட்ட சொன்னா சிரிச்சிருப்பாரு, அடுத்த லீவுல சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். எங்கப்பா பன்னீர் திராட்சைத் தோட்டத்த வித்த காசுலதான் நான் விசா எடுத்தது. 2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்கு புவிசார் குறியீடு குடுத்தாங்க, அந்த நியூஸ நான் ஆபீஸ்ல உக்காந்து, ரோல் வெயிட் டைப் பண்ணிட்டே படிச்சேன். லைக் போட்டேன்.

சார் சாவுக்கு என்னால போக முடியல. நீங்க போனீங்க, சரி. ஆனா கண்ணீர் அஞ்சலின்னு பஸ் ஸ்டாண்ட் பக்கம் பத்தடிக்கு ப்ளெக்ஸ் வச்சீங்க பாருங்க, பள்ளி ஆண்டுவிழாவுக்கே துணி பேனர்தான் எழுதணும்னு சண்டை போட்ட மனுசனுக்கு! அது அத்தனையும் பிவிசி பிளாஸ்டிக். அதுல என் பங்கு ஜிபே பண்ணியிருக்கேன், அதனால கேக்குற உரிமை உண்டு: அத யாருடா கழட்டினது, கழட்டி எங்க போட்டீங்க? குரூப்ல சொல்லுங்க.